உங்களுக்கு முன் நாற்பத்தொரு பேர்

கடைசி டிராமை டிப்போவில் விட்டுவிட்டு
வீடு சேரும்போது பன்னிரண்டே கால்.
ஆஸ்த்ராவாவில் பிப்ரவரி.
மூடிய இரும்பாலையின் உச்சியில் சிவப்பு விளக்குகள்
வராத விமானங்களுக்காக எரிந்துகொண்டிருக்கும்.

பூட்ஸைக் கழற்றும் முன்பே
கணினியைத் தட்டி எழுப்பிவிடுவேன்,
அது எழாமல் போன அந்த இரவு வரைக்கும்.

முதலில் வந்தது நாற்றம்.
வயர் உருகும் நாற்றத்தை
டிராம் ஓட்டுகிறவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
பெட்டியைத் திறந்தேன்.
பதினான்கு மாதம் சேர்த்து வாங்கிய கிராபிக்ஸ் அட்டை,
மின்சாரம் நுழையும் வாயில்
கருகிய பல்வரிசையோடு இளித்தது.

கம்பெனியின் கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது:
மதிப்பிற்குரிய ஹவ்லாசோவா அவர்களே,
நீங்கள் செருகியை முழுதாகச் செருகவில்லை.

இருபத்திரண்டு வருடம்
முதுகுக்குப் பின்னால் நூற்றெண்பது பேரை வைத்துக்கொண்டு
பனியில் பிரேக் பிடித்த கை.
ஒரு செருகி எங்கே போய் நிற்கும் என்று
தெரியாதாம் அதற்கு.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகாது.
நான் கடைத்தெருப் பக்கமே போகவில்லை.

டிப்போ எலெக்ட்ரீஷியன் க்வெதோஸ்லாவ்
என் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான்.
அவனுக்கு எந்தக் கம்பெனியையும் பிடிக்காது.
"முதலில் மெமரியைக் குறைப்பான்,
பிறகு விலையை ஏற்றுவான்,
கடைசியில் டிரைவரைப் பூட்டிவைப்பான்."
"என்னையா?" என்றேன்.
அவன் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

போன வாரம் அவனே வந்தான்,
கடன் கேட்க வந்தவன்போல வாசலில் நின்றபடி.
மேகத்திலேயே ஓடுகிறதாம் விளையாட்டு.
அட்டை வேண்டாம். மாத வாடகை போதும்.
லினக்ஸுக்கென்றே இப்போது வந்திருக்கிறதாம்.

யாருடைய மேகம்?

அவன் கையுறையைக் கழற்றினான், மாட்டினான்.
அவர்களுடையதுதான், யித்கா.

மூன்று இரவு தாக்குப்பிடித்தேன்.
நான்காவது இரவு பட்டனை அழுத்தியதும்
திரை சொன்னது:
உங்களுக்கு முன் நாற்பத்தொரு பேர்.

நிறுத்தத்தில் நிற்கிறவர்களைக்
கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தே பழகியவள் நான்.
இவர்களுக்கு முகமில்லை.
இவர்களில் எத்தனை பேரின் அலமாரியில்
உருகிய செருகி ஒன்று இருக்கும்?
முப்பத்தெட்டு.
இருபது.
தேநீர் ஆறியது.

பிறகு கடல் திறந்தது.
ஆறு வருடப் பழைய மடிக்கணினியில்,
அதன் விசிறிகூடச் சுற்றாமல்,
ஒவ்வொரு அலைக்கும் தனித்தனி நுரை.
என் படகு. என் கிழிந்த பாய்.
பொய் சொல்ல மாட்டேன், அழகாக இருந்தது.

சுக்கானைத் திருப்பினால்
ஒரு இமைப்பொழுது கழித்தே திரும்புகிறது.
கைக்கும் சக்கரத்துக்கும் நடுவில்
எப்போதும் ஒரு இடைவெளி உண்டு,
அதற்குள்தான் என் பிழைப்பே நடக்கிறது.
ஆனால் இந்தத் தாமதம் கடலுடையதா
பிராங்க்ஃபர்ட்டில் இருக்கும் ஏதோ ஒரு கொட்டகையுடையதா
என்பதுதான் பிடிபடவில்லை.

அந்தக் கொட்டகையில்
என் வீட்டில் எரிந்ததன் தங்கைகள்
ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கும்.
அவற்றின் செருகிகளை
யாரோ முழுதாகச் செருகியிருப்பார்கள்.
உருகினாலும் கடிதம் எழுதமாட்டார்கள்,
தங்களுக்கே யார் எழுதுவார்?

வாசலில் வேண்டாம் என்று துரத்தியதற்கு
மாதாமாதம் வாடகை கட்டி
அதன் வீட்டுக்கு நானே போய்வருகிறேன்.
க்வெதோஸ்லாவிடம் இதைச் சொல்லவில்லை.
அவனும் கேட்கவில்லை.
நேற்று அவன் கண்களும் சிவந்திருந்தன.

கருகிய அட்டை ஜன்னல் ஓரம் இருக்கிறது.
தூக்கிப் போடவில்லை.
விடியலில் முதல் டிராம் கடக்கும்போது
கண்ணாடியோடு சேர்ந்து அதுவும் கொஞ்சம் அதிரும்.

இந்த மாதம் இன்னும் பதினொரு மணி நேரம்
பாக்கி இருக்கிறது எனக்கு,
கடலில்.