நான்காம் விடயம்

கூட்டக்குறிப்பில் அது நான்காம் விடயம்.
மூன்றாவது, ஆலயக் கூரை ஒழுக்கு.
ஐந்தாவது, ஞாயிறுப்பள்ளிச் சுற்றுலாவுக்கு வான்.
இடையில் வேதாபரணம் அண்ணை.

குற்றம் இதுதான்:
அறுவடைத் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு
பிரசங்க மேடையில் நின்று
லண்டன் றூபனின் பெயரைச் சொன்னார்.
முப்பதாயிரத்துக்கு ஒரு பூசணிக்காயை
அவர் ஏலத்தில் எடுத்ததையும்
பொன்மலர் கொண்டுவந்த ஆறு முட்டையை
அதன்பிறகு ஒருவரும் கேளாததையும்
ஒரே மூச்சில் சொன்னார்.
சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.
றூபன் இருந்த வாங்குக்கு மேலே
விசிறி மட்டும் சுற்றியது.

"அந்தக் காசிலைதானே கூரை வேயப்போறம்"
என்றார் பொருளாளர்.
"சொன்னது பிழையில்லை, சொன்ன இடம்தான் பிழை"
என்றார் போதகர் தர்ஷன். அராலிக்கு வந்து எட்டு மாதம்.
"முதல் தனியப் போய்க் கதைச்சிருக்கலாம்."
தலையாட்டினோம். ஏழு தலை.
அண்ணையிடம் தனியப் போய்க் கதைத்தது ஆர் என்று
ஒரு தலையும் கேட்கவில்லை.
என்னுடையதும்தான்.

மூன்று மாதம் பிரசங்கம் இல்லை.
தீர்மானம் ஏகமனதாக.
கடிதம் எழுதுவது செயலாளர்.
செயலாளர் நான்.

சட்டி பானை ஊறக் கிடக்க
இரவிரவாய் மூன்று தரம் எழுதினேன்.
முதலாவதில் நீதவான் மாதிரி இருந்தேன்,
இரண்டாவதில் கடன் கேட்க வந்தவள் மாதிரி.
மூன்றாவதை மடித்து, முத்திரை குத்தினேன்.
மை ஒரு பக்கம் கூடிவிட்டது.

தபாலில் போட மனம் வரவில்லை.
போனபோது அப்போதுதான் எழும்பியிருந்தார்.
பத்திரிகையில் ஒப்புநோக்குநர்;
சாமம் இரண்டுக்கு வேலை முடித்து
கல்லுண்டாய் வெளியால்
எதிர்காற்றில் சைக்கிள் உழக்கி வருகிறவர்.
சாரத்தோடு படலையடியில் நின்றே வாசித்தார்.
நான் செவ்வரத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேனை இருக்கே?"
கொடுத்தேன்.
இரண்டாம் பந்தியில் ஒரு வட்டம்.
"கண்டிக்கிறதெண்டால், தங்கச்சி,
டகரத்துக்கு முன்னாலை மூண்டு சுழி.
நீங்கள் ரெண்டு போட்டிருக்கிறியள்."
பிறகு அடியில், தன் அழகான கையெழுத்தில்:
ஏற்றுக்கொள்கிறேன். திகதி. ஒப்பம்.
"றூபன் நிக்கிறானோ, போட்டானோ?"
"வெள்ளிக்கிழமை போறாராம்."
வேறொன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி தந்தார்.

வியாழன் பின்னேரம்
றூபன் வீட்டுக் கேற்றடியில்
அண்ணையின் சைக்கிள் சாத்தியிருந்ததாம்.
பொன்மலர் சொன்னாள்.
உள்ளே என்ன கதைத்தார்கள், தெரியாது.
கூட்டக்குறிப்பில் அதற்கு இலக்கமில்லை.

மூன்று மாதமும் மூன்றாம் வாங்கில் இருந்தார்.
ஒருநாள் போதகர் பிரசங்கத்தின் நடுவில்
தாள் மாறி, சொல் தப்பி நின்றபோது
நாங்கள் எல்லோரும் பாட்டுப் புத்தகத்துக்குள் குனிந்தோம்.
அண்ணை மட்டும் நிமிர்ந்து
மெல்லத் தலையசைத்தார்,
சொல்லுங்கோ, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறம் என்பது போல.

தடை முடிய இன்னும் ஒரு கிழமை.
ஆனி மாத அட்டவணையில், முதல் ஞாயிறுக்கு நேரே
அவர் பெயரைப் பென்சிலால் எழுதினேன்.
போதகர் பார்த்தார்.
அழிக்கவுமில்லை, மையால் எழுதென்று சொல்லவுமில்லை.
வேதாபரணம்.
மூன்று சுழிதான். இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன்.