ஆறு திருகாணிகள்

பம்பலப்பிட்டி. இரண்டாம் மாடி.
ஏசி பழுது என்று எழுதி ஒட்டிய நாளில்
தார்சீசியஸ் வந்தார்,
கொட்டாஞ்சேனையில் கலியாணப் படம் பிடிக்கிறவர்.
மேசையில் ஒரு வன்தட்டை வைத்தார்,
மல்லாத்தி.

அடிவயிற்றில் போர்ட் இல்லை.
விழுந்து உடைந்ததல்ல, எரிந்ததுமல்ல.
நிதானமான ஒரு கை
ஆறு திருகாணியையும் கழற்றியிருந்தது.
ஆறு துளையும் வட்டமாய், சுத்தமாய்.

"ஆர் கழட்டினது?"
"பார்ட்னர்."

ஸ்டூடியோவைப் பிரித்தபோது
கமெரா ரெஜினோல்டுக்கு,
லைட்டும் தட்டுகளும் தார்சீசியஸுக்கு
என்று கையெழுத்தானதாம்.
கடுதாசியில் போர்ட் என்ற சொல் இல்லை.
அது ரெஜினோல்டுக்குத் தெரிந்திருந்தது.

உள்ளே நாற்பத்தொரு கலியாணம்.
அதில் ஒரு மாப்பிள்ளை இப்போது உயிரோடில்லை.
அவருடைய மனிசி
செவ்வாய் தவறாமல் போன் எடுக்கிறாவாம்.

புறக்கோட்டைப் பழைய சாமான் கடையில்
இதே மொடலைத் தேடி எடுத்தேன்.
அதே தாய்லாந்து, அதே மாதம்,
போர்ட்டின் முதுகில் அதே இலக்கம்
கடைசி எழுத்துவரை.
பத்துப் பொருத்தமும் சரி என்று
பூட்டிக் கரண்ட் கொடுத்தேன்.

சுழன்றது.
பிறகு டிக். டிக். டிக்.
இருட்டில் துவாரம் தேடும் திறப்புப் போல
ஹெட் முட்டி முட்டித் திரும்பியது.

அவருக்கு விளக்கினேன்:
ஒரே அச்சில் வார்த்தாலும்
ஒவ்வொன்றுக்கும் மயிரிழை கோணல் இருக்கும்.
எவ்வளவு என்று ஃபக்டரியில் அளந்து
எட்டுக் கால் உள்ள சில்லு ஒன்றில்
எழுதிவிடுவார்கள்.
அந்தச் சில்லு கழற்றிய போர்ட்டில் இருக்கிறது.
இது வேறொருவரின் கோணலை வைத்துக்கொண்டு
உங்கடை வீட்டுக்குள் நடக்கப் பார்க்கிறது.

அவர் சிரிக்கவில்லை.
"அப்ப அவனிட்டைத்தான் கேக்கவேணும்.
நான் கேக்கமாட்டன். நீங்கள் கேளுங்கோ."

ரெஜினோல்ட் எல்லாவற்றையும் கேட்டார்.
பின்னால் தெஹிவளை ரயில்.
அது முழுவதும் போய் முடியும்வரை பொறுத்திருந்து
ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தார்.

நான்காம் நாள் ஓட்டோக்காரர் ஒருவர்
கிறீம் கிராக்கர் பெட்டி ஒன்றைத் தந்துவிட்டுப் போனார்.
உள்ளே போர்ட்.
மின் தங்காத வெள்ளிப் பையில்,
மடித்து, டேப் ஒட்டி,
மேலே பென்சிலால் தட்டின் இலக்கம்.
சின்னப் பொலித்தீன் ஒன்றில் ஆறு திருகாணி.

பகைக்குக் கழற்றியவர்
எறிந்திருக்கலாம்.
தெஹிவளையில் தண்டவாளம் தாண்டினால் கடல்.
இதைத் தார்சீசியஸுக்கு நான் சொல்லவில்லை.
அவர் வந்தபோது
பையை மேசையில் விட்டிருந்தேன், அவ்வளவுதான்.

இம்முறை முட்டவில்லை.
ஃபோல்டர் ஃபோல்டராய் விரிந்தது.
ஒவ்வொரு கலியாணத்திலும் முதல் நாலைந்து படம்
லைட் பார்க்க எடுத்தவை.
மாதா கோயில் படியில்,
மண்டப மணவறையில்,
ஹோட்டல் கண்ணாடி முன்னால்,
பொம்பிளை நிற்கவேண்டிய இடத்தில்
ரெஜினோல்ட் நிற்கிறார்,
வெள்ளைக் காகிதம் ஒன்றை நெஞ்சோடு பிடித்தபடி
கண்ணைச் சுருக்கிக்கொண்டு.
ஒரு படத்தில் வாயில் பாதி ரோல்ஸ்.

"அதுகள் வேண்டாம்.
கலியாணம் மட்டும் கொப்பி பண்ணுங்கோ."

ஏசி இன்னும் திருத்தவில்லை.
அவர் கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார்.
"அதுகள் எவ்வளவு இடம் பிடிக்கும்?"
"மூன்று ஜிபி வரும்."
"புதுத் தட்டில இருக்கோ அவ்வளவு?"
"இருக்கு."
காசை எண்ணினார்.
பிழைத்து, திரும்பவும் எண்ணினார்.

பின்னேரம் எனக்கு ஒரு குறுந்தகவல்:
வேலை முடிந்தால் போர்ட்டைத் திருப்பி அனுப்பவும்.
மேலதிகமாக ஒரு சொல் இல்லை.

ஸ்குரூட்ரைவரை எடுத்தேன்.
ஐந்து சுலபமாய் வந்தன.
ஆறாவது இறுகிக் கிடந்தது,
நானே பூட்டியதுதான்.