அரை மில்லி ஆட்டம்

பதினைந்து கிலோவுக்கு மேல் போகக் கூடாது.
விதித்தாளில் ஒரே வரி.
அந்த வரிக்குள் நான்கு மாதம் குடியிருந்தோம்,
மஞ்சக்குப்பத்து ஒர்க்‌ஷாப்பில்
ஓடாத ஷேப்பர் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவே.

முதல் சண்டை, கையா லிஃப்டா.
மடங்கி நீளும் கை வேண்டும் என்றேன் நான்:
இரண்டு மூட்டு, கொக்கு மீன் எடுக்கிற தோரணை.
ஜெய்லானி ஒத்துக்கொள்ளவில்லை.
கை நீண்டால் பாரம் வெளியே போகும்,
பாரம் வெளியே போனால் வண்டி மூக்கடித்து விழும்,
நேரே மேலே ஏறினால் போதும் என்றான்.
துறைமுகத்தில் ஐஸ் பெட்டி இறக்குகிறவர்கள்
யாராவது கையை நீட்டித் தூக்குகிறார்களா?
நெஞ்சோடு அணைத்துத்தானே தூக்குகிறார்கள்.
வீட்டுக்குப் போய் அட்டையில் வெட்டிப் பார்த்தேன்.
என் கொக்கு குப்புற விழுந்தது.
அதை அவனிடம் சொல்ல
மூன்று நாள் ஆனது.

பிறகு செயினா பெல்ட்டா.
செயின் மலிவு, சைக்கிள் கடையிலேயே கிடைக்கும்.
வெள்ளிக்கிழமை துடைத்து வைத்த செயின்
திங்கட்கிழமை குங்குமம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.
கடலூர்க் காற்று எதையும் சும்மா விடுவதில்லை,
கேட் கொண்டியை, குடைக் கம்பியை,
கால்குலேட்டரில் பேட்டரி உட்காரும் ஸ்பிரிங்கை.
பெல்ட் வாங்கினோம், அறுநூற்று நாற்பது ரூபாய்.
அந்த மாதம் முழுக்க எழிலரசு
கேன்டீன் பக்கம் வரவில்லை.

வேகமா இழுவையா.
பல்சக்கரம் இரண்டையும் சேர்த்துத் தராது.
ஒன்றுக்குப் பன்னிரண்டு போட்டால் எருமை; மேடு ஏறும்.
ஒன்றுக்கு ஆறு போட்டால் மான்;
மேட்டடியில் நின்று மூச்சு வாங்கும்.
ஒன்பது போட்டோம்.
பெயர் வைக்க முடியாத ஒரு மிருகம் வந்தது.

தராசில் ஏற்றினால் முந்நூற்று நாற்பது கிராம் கூடுதல்.
விசை பாயாத இடமெல்லாம் பார்த்து
தையல்நாயகி மார்க்கரால் வட்டம் போட்டாள்.
ஒரு துளைக்கு இரண்டரை கிராம்.
நூற்று முப்பத்தாறு துளை.
எங்கள் தலைமுடியில் அலுமினியச் சீவல்.
இல்லாததை வைத்தும் ஒன்றைக் கட்டலாம் என்று
இடது கட்டைவிரலில் கொப்புளம் வந்தபின்தான் தெரிந்தது.

கடைசியாக, லிஃப்ட் ஏறி இறங்கும் தடம்.
செம்மண்டலத்தில் லேத் போடும் அந்தோணியம்மா
கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்:
"டைட்டா வேணுமா, ஆட்டம் விடவா?"
டைட்டாக வைத்தால் உப்பு ஏறி இறுகிவிடும்.
விட்டால் மேலே போகப் போக நடுங்கும்.
நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
ஆட்டத்துக்குப் போகிறவர்களுக்கு
ஆட்டம் இல்லாமல் எப்படி, என்றாள் தையல்.
அரை மில்லி விட்டோம்.

புதுச்சேரி பஸ்ஸில் கண்டக்டர் கோணியைத் தட்டி,
"கிரைண்டரா?"
ரோபோ என்றோம்.
"எதா இருந்தாலும் லக்கேஜ்தான்."

இரண்டு சுற்று ஜெயித்தோம்.
மூன்றாவதில், பந்தைத் தூக்கிக்கொண்டு
மேட்டில் பாதி ஏறியபோது
மோட்டார் சுற்றுகிறது, இடது சக்கரம் நிற்கிறது.
பெல்ட் அறுபடவில்லை. பல் உடையவில்லை.
துளை போட்ட தகடு ஒன்றுகூட வளையவில்லை.
நாங்கள் சண்டை போட்ட எல்லாம் தாங்கியது.
கழன்றது ஒரு மூன்று மில்லி கிரப் ஸ்குரூ,
யாரும் ஒரு வார்த்தை பேசாதது,
நான் மாட்டியது,
மாட்டும்போது ஃபோனில் பேசிக்கொண்டிருந்தேன்.

காரைக்கால் அணியில் ஒருத்தி
நெயில் பாலிஷ் நீட்டினாள்.
மரையில் ஒரு சொட்டு விட்டு முடுக்கு, அசையாது.
விட்டேன், முடுக்கினேன்.
அதற்கப்புறம் எங்களுக்கு ஆட்டம் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் கோணியை மடியோரம் அணைத்திருந்தேன்.
கன்னியக்கோவில் வருவதற்குள் சிவப்பு காய்ந்துவிட்டது.
உள்ளே லிஃப்ட் மட்டும்
பள்ளத்துக்குப் பள்ளம் டக், டக் என்று
அரை மில்லி
ஆடிக்கொண்டே வந்தது.