சாட்சிக் கையெழுத்து

வருவாய் ஆய்வாளர் பேனாவை நீட்டுகிறார்.
மூன்று படி, நடுவே நீலக் கார்பன்.
'மேற்படி கடையில் தார்ப்பாய் ஒன்று
ரூபாய் இரண்டாயிரத்து நானூறுக்கு விற்கப்பட்டதை
நேரில் கண்டேன்.'
கண்டேன்தான்.
எதிர்க்கடை என்னுடையது.

தலைஞாயிற்றில் நாங்கள் அதைப் படுதா என்போம்.
புயல் கடந்த காலையில்
என்னிடம் முப்பத்தொன்று இருந்தது.
பழைய விலை, தொள்ளாயிரம்.
எழவு வீட்டில் லாபக் கணக்கு எதற்கென்று
ஒரு ரூபாய் ஏற்றவில்லை.
ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கினேன்,
ஏழே காலுக்குக் கையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன்.
இருபதை ஒரே ஆள் கொண்டுபோனார்,
கல்யாண மண்டபத்து மாமுண்டி.
ஓடுகிற டிராக்டர் அவரிடம்தான் இருந்தது.
வைக்கோல் போருக்கு எட்டு,
இறால் தீவனத்துக்கு ஐந்து,
ஏழு சும்மா இருக்கட்டும் என்று.
தொள்ளாயிரம்தானே, யோசிக்க என்ன இருக்கிறது?

ஊர் என்னை நல்லவள் என்றது.
காலிக் கடையில் உட்கார்ந்து
கேட்டுக்கொண்டிருந்தேன்.

வைரக்கண்ணு அன்றிரவே கிளம்பினான்.
வாடகை லாரி, மரம் அறுக்க இரண்டு ஆள்,
கேனில் வாங்கிய டீசல்.
திருச்சி போய்த் திரும்ப முப்பது மணி நேரம்,
வழியெல்லாம் சாய்ந்த புளியமரம்.
கொண்டுவந்தது நூற்றுப்பத்து.
விலையைச் சொன்னான்.
மண்ணை வாரித் தூற்றினார்கள்.
பிணத்தின் நெற்றிக்காசை எடுக்கிறவன் என்றார்கள்.
ஆனால் ஒருவரும் இரண்டாவதைக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் இரவு மழை மறுபடி பிடித்தது.
பிரசவமாகி நாலு நாளான மகளைக்
கோயில் மண்டபத்தில் விட்டுவிட்டு
சந்தனசாமி நனைந்துகொண்டு ஓடிவந்தார்.
அவன் கடையில் படுதா இருந்தது.
என் கடையில் நல்ல பெயர் இருந்தது.

இதை எழுத இந்தத் தாளில் கட்டம் இல்லை.

பாக்கியவதி வந்ததற்கும் இல்லை.
மடித்த கைக்குள் அறுநூற்றைம்பது ரூபாய்.
அவள் விலை கேட்கவே இல்லை.
முன்னால் நின்றவருக்குச் சொன்னது காதில் விழுந்ததும்
அப்படியே திரும்பிவிட்டாள்.
அவளுக்கு இரண்டு கடையும் காலிதான்.
நிவாரணப் பட்டியலில் அவள் வீடு
'பகுதி சேதம்.'

கடைமடையில் பிறந்தவள் நான்.
தண்ணீரைச் சும்மா திறந்துவிட்டால்
தலைமடையில்தான் நிற்கும் என்று தெரியும்.
காசுக்கு விட்டாலும் எங்கே நிற்கும் என்று தெரியும்.
முறை வைத்துத்தான் விட வேண்டும்.
முறை வைக்க ஓர் ஆள்
ராத்திரி முழுக்க மதகடியில் விழித்திருக்க வேண்டும்.
குடும்பத்துக்கு ஒன்று, ரேஷன் கார்டைக் காட்டு என்று
அன்று காலை நான் சொல்லியிருக்கலாம்.
மாமுண்டி பழைய வாடிக்கை.
வாய் வரவில்லை.

'சீக்கிரம்மா, இன்னும் நாலு கடை இருக்கு.'

வைரக்கண்ணு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான்,
என்னைப் பார்க்காமல்.
பறிமுதல் பதினாலு உருப்படி.
தாலுகா ஆபீஸ் கிடங்குக்குப் போகுமாம்.
கிடங்கின் ஓடெல்லாம் போய்விட்டது,
போன வாரம் நானே பார்த்தேன்.
'பாக்கியவதிக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு
பதின்மூன்று என்று எழுதுங்களேன்' என்றேன்.
'எழுதியாச்சே' என்றார்.

பேனாவை வாங்கிக்கொள்கிறேன்.
கையெழுத்துக்கு மேலே கொஞ்சம் இடம் இருக்கிறது.
மூன்று படியிலும் விழும்படி அழுத்தி எழுதுகிறேன்:
அன்று சாட்சியின் கடையில்
சரக்கு இல்லை.