மூச்சுக்கு இடமில்லாத பக்கம்

வுல்ஃபெண்டால் தேவாலயத்தில்
ஒல்லாந்தரின் கல்லறைக் கற்கள்மேலேயே
எங்கள் நாற்காலிகள்.
என் இடது கால் ஒரு கப்பித்தானின்
பிறந்த வருசத்தில்.

ஹாப்சிகோட் கிடைக்கவில்லை.
துவான் ரிஃபாய் கொண்டுவந்தது மகளின் கீபோர்ட்.
பதினேழாம் பொத்தானை அமத்தினால்
முந்நூறு வருசத்துக்கு முந்திய கம்பி அதிரும்.
பகலில் அவர் சுங்கத்தில் கணக்கர்.
கீழ்ச்சுரங்களுக்கு அடியில் வெறும் இலக்கங்கள்,
ஆறு, நாலு, ஏழு;
பார்த்த மாத்திரத்தில் விரல்களுக்குப் பங்கிட்டுவிடுவார்.
"இங்க மட்டுந்தான் கணக்குச் சரிவருது."

இரண்டாம் பகுதியில்தான் என் வழக்கு.
ஏழு வரி. எறும்புச் சாரியாய்ச் சுரங்கள்.
குழலுக்கென்று எழுதியவன்
வில் பிடிப்பவனை நினைத்து எழுதிவிட்டான்.
ஒத்திகை முழுக்கத் திருடினேன்:
ஒரு சுரத்தை விழுங்கி ஒரு மூச்சு.
மர்லின் யான்ஸ், செல்லோவுக்குப் பின்னாலிருந்து,
ஒவ்வொரு திருட்டுக்கும் புருவம் உயர்த்துவாள்.

கச்சேரியன்று
நாலாம் வரியில் கரண்ட் போனது.

கீபோர்ட் செத்தது ரிஃபாயின் விரல்களுக்குத் தெரியாது.
டக், டக், பிளாஸ்டிக் கட்டைகளில்
கணக்கை முடித்துக்கொண்டிருந்தன.
ஆட்டுப்பட்டித் தெருவில் ஒரு ஜெனரேட்டர் இருமியது.
மர்லின் நிறுத்தவில்லை.
ஒற்றைக் கீழ்ச்சுரத்தைப் பிடித்து
எழுதியதைவிட நீட்டினாள்,
பஸ் புறப்படும்போது முன்பின் தெரியாத ஒருவர்
மிதிபலகையில் நின்று
"பொறுங்க, ஒராள் வருது" என்பதைப் போல.

எடுத்தேன்.
முழு மூச்சு, ஒன்றையும் விழுங்காமல்.
அதில் மெழுகு இருந்தது, வௌவால் எச்சம்,
துறைமுகத்து டீசல்,
கப்பித்தானும் கொஞ்சம் இருந்திருப்பான்.

தாள் தெரியவில்லை.
ஐந்தாம் வரி.