வாரைக் குறைக்கவில்லை

கோயம்புத்தூர் நாத்தி அனுப்பிய ஜெராக்ஸ் தாளில்
பை பெரியது.
அடிவட்டம் எட்டுச் சுற்று,
சுற்றுக்கு எட்டுக் கண்ணி கூடி அறுபத்து நான்கு.
அதன்மேல் நாற்பது வரிசை,
வரிசைக்கு எட்டுச் சிப்பி,
தோளில் மாட்ட நூற்றைம்பது சங்கிலியில் ஒரு வார்.

போன வருஷம் அதை அப்படியே பின்னினேன், வெள்ளையில்.
முடிப்பதற்குள் உமிச்சாம்பல்
தன் பங்குக்கு நாலு வரிசை போட்டுவிட்டது.
புதுவயலில் வெள்ளை எடுப்பவள்
ஆலைக்குப் பக்கத்தில் குடியிருக்கக் கூடாது.

இந்தமுறை தவிட்டு நிறம்.
கையில் இருந்தது அரை உருண்டை.
காரைக்குடிக் கடைக்காரன்
"அந்தச் சாயம் இனி வராதுக்கா" என்றான்.
சரி, பர்ஸ் போதும்.

யாருக்கு என்றால் மாரிக்கண்ணுவுக்கு.
களத்தில் நெல் துழாவுகிறவள்.
சனிக்கிழமை நான் எண்ணிக் கொடுக்கும் கூலி
இருட்டுவதற்குள் சீட்டுப் பணமாக
என்னிடமே திரும்பி வரும்,
ரவிக்கைக்குள் இருந்து நனைந்து,
ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.
பிரித்துக் காயவைப்பது நான்.
அன்பு என்று சொல்லிக்கொள்ளலாம்தான்.
எனக்குக் காய்ந்த நோட்டு வேண்டியிருந்தது.

ஆலையில் கணக்கு எழுதுகிறவளுக்குப்
பாதியாக்குவது ஒரு வேலையா?
நாலு சுற்று. முப்பத்திரண்டு கண்ணி.
இருபது வரிசை. நாலு சிப்பி.
பழைய ஊசியிலேயே போட்டேன்.
ஐந்து ரூபாய் நின்றது,
ஒரு ரூபாய் சிப்பியின் வாய்வழியே
இறங்கி மேஜைக்கடியில் உருண்டது.
பிரித்தேன்.
பிரித்த நூல் சுருட்டை முடியாய்க் கிடந்தது,
பின்னல் ஞாபகம் போகாமல்.

ஒரு நம்பர் சின்ன ஊசி.
ஆள்காட்டி விரலில் குழி விழ இழுத்துப் பிடித்து
மூன்று மத்தியானம்.

சும்மா இருக்க முடியாமல்
உள்ளே பாலித்தீன் விட்டு
சாம்பிள் அரிசி கொட்டி அளந்தேன்.
பெரிய பை ஒரு படி பிடித்தது.
இது அரைப்படி பிடிக்குமென்று இருந்தேன்.
ஆழாக்கிலேயே நிறைந்துவிட்டது.
தட்டிக் கொட்டி மறுபடி அளந்தேன்.
ஆழாக்குதான்.
நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி,
மூன்றும் சேர்ந்து
எட்டில் ஒன்றாய் வந்து நின்றன.
களத்துப் பெண்களுக்கு இது முன்பே தெரியும்.
அரைநாள் வேலை வாய்த்த வாரத்தில்
அரைச்சோறா வேகிறது?

வாருக்கு எழுபத்தைந்து என்று கணக்கு சொன்னது.
பின்னி என் கழுத்தில் போட்டுப் பார்த்தேன்.
போட வரவில்லை, மூக்கில் நின்றது.
பர்ஸ் சிறுத்தால் கழுத்தும் சிறுக்குமா?
நூற்றைம்பதே போட்டேன்.
மிஞ்சிய நூல் ஒரு சாண்.

சேலைமேல் மாட்டும் ஆம்பளைச் சட்டைக்குள்
தொங்கவிட்டுக்கொண்டாள்.
"தாலி மாதிரி இருக்கு" என்றாள்,
சிரித்தாளா என்று தெரியவில்லை,
முகமெல்லாம் தூசி.

அடுத்த சனிக்கிழமை
சீட்டுப் பணம் வந்தது.
நனைந்துதான்.
"பர்ஸ் என்னாச்சு?"

சட்டைக்குள்ளிருந்து இழுத்துக் காட்டினாள்.
பித்தானைக் கழற்றினாள்.
நாலாய் மடித்த ஒரு தாள்,
தேவகோட்டை அடகுக்கடை ரசீது.
ஒரு ஜோடித் தோடு, ஐந்து கிராம், நீலமையில் கையெழுத்து.

"ரூவா நனைஞ்சாக் காஞ்சிரும்.
இது நனைஞ்சா எழுத்து போயிரும்ல."

அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.
நோட்டுகளைப் பிரித்து
ஃபேனுக்குக் கீழே பரப்பி
மேலே எடைக்கல் வைத்தேன்.

ராத்திரி ஜெராக்ஸ் தாளின் ஓரத்தில்
பென்சிலால் எழுதினேன்:
எல்லாம் பாதி.
வாரைக் குறைக்கக் கூடாது.
கீழே இன்னொரு வரி:
உள்ளுக்குப் பாலித்தீன்.

ஒரு கிலோ அரிசிப் பாக்கெட் ஒன்றைக்
கத்தரித்துக்கொண்டிருக்கிறேன்.
ஆலைப் பெயர் வெளியே தெரியாதபடி
திருப்பித்தான் வைக்க வேண்டும்.