பத்து கிராம்

ஔலு நகரில் ஜனவரி.
மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
பரிசோதனைக் கூடத்தில் என் வேலை
மூளை காய்ச்சுவது.

பாதிக்கு மேல் சர்க்கரை,
மீதி தண்ணீர், கொஞ்சம் உப்பு,
பூசணம் பிடிக்காமலிருக்க ஒரு மருந்து.
கட்டி தட்டாமல் கலக்கி
மேசையில் குழிந்திருக்கும்
பிளாஸ்டிக் அரைத்தலைக்குள் ஊற்றுவேன்.
இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.
ஏதோ ஒரு ராணுவத்தில்
ஆட்களை நிறுத்தி எடுத்த அளவாம்.
பெரிய தலை.
எங்கள் கூடத்தில் குழந்தைக்கு அச்சு இல்லை.

காதோரம் போனைப் பொருத்திவிட்டு
விலகி நிற்கிறேன்.
ரோபோவின் கை இறங்கி
பாகுக்குள் ஊசியை விட்டுத் துழாவுகிறது,
எந்தப் பத்து கிராம்
அதிகம் குடித்தது என்று.

புள்ளி ஏழு நான்கு.
வரம்பு இரண்டு.
தேறியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
இருபத்தோரு வருடமாக அதே கையெழுத்து.

அப்போதுதான் கெமியிலிருந்து
அக்கா ஹில்க்கா கூப்பிட்டாள்.
வெய்யோவுக்கு இடது காதின் பின்னால்,
உள்ளே,
பட்டாணி அளவில் ஒரு கட்டி.
மரம் ஏற்றும் லாரிகளுக்கு
வழி சொல்லியே வயதானவன்.
அவன் காதும் போனும்
ஒட்டிப் பிறந்தவை என்று
கல்யாண வீடுகளில் கேலி செய்திருக்கிறோம்.

"உனக்குத் தெரியாததா,
அதுதானே காரணம்?" என்றாள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம்
சர்க்கரைப் பாகு எவ்வளவு தாங்கும் என்பது.
பாகுக்குப் பயம் வராது.
நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து
கடிகாரத்தை ஒரு காதுக்கும் மறு காதுக்குமாய்
மாற்றி மாற்றி வைத்துப் பார்க்காது.

ஆய்வுகளைச் சொன்னேன்.
ஒன்று இல்லை என்கிறது,
இன்னொன்று இருக்கலாம் என்கிறது,
மூன்றாவது
இன்னும் பத்து வருடம் கேட்கிறது.

"பத்து வருடமா" என்றாள்.
பிறகு அழ ஆரம்பித்தாள்.

ஜன்னலுக்கு வெளியே கோபுரத்தின் சிவப்பு விளக்கு
பனியில் ஊறி
அணைந்து எரிந்து அணைந்தது.
அவள் அழுகை அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்,
கெமியிலிருந்து,
உறைந்த கடலோரமாக,
என் இடது காதுக்கு.

காது சுட்டது.
பாட்டரிச் சூடு அது.
அதையாவது சத்தியம் செய்து சொல்வேன்.

இருந்தும்
போனை வலது காதுக்கு மாற்றினேன்.

அந்த இடைவெளியில்
அவள் ஏதோ ஒரு வார்த்தை சொன்னாள்.
எந்தக் காதிலும் அது விழவில்லை.
திரும்பச் சொல் என்று கேட்க
எனக்கு வாய் வரவில்லை.